தீர்மானம் போட்டு உடை, கமிட்டி போட்டு ஒட்டு

கற்சிலுவைகளுக்கு முதல் எதிரி மழை. இரண்டாவது எதிரி பனி. மூன்றாவது பாசி. பாதுகாப்பு அறிக்கைகள் குற்றவாளிகளை இப்படித்தான் வரிசையாக நிறுத்துகின்றன. அபாண்டம். மழைக்குத் தீர்மானம் நிறைவேற்றத் தெரியாது. பனி எதையும் வழிமொழிந்ததில்லை. பாசி எந்தக் கமிட்டியிலும் உறுப்பினராக இருந்ததில்லை. வாயில்லாத மூன்று பேர் மேல் பழியைப் போட்டுவிட்டு, வாயுள்ளவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்கள்.

யார் அந்த வாயுள்ளவர்கள்? ரத்வெல்லிலிருந்து தொடங்குவோம்.

ஸ்காட்லாந்தின் தெற்குக் கோடியில், சால்வே கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் ரத்வெல். 8ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத சிற்பிகள் அங்கே மணற்கல்லில் சுமார் 18 அடி உயரத்துக்கு ஒரு சிலுவை செய்து நிறுத்தினார்கள். அகன்ற முகப்பில், ஏசுவின் பாதத்தைத் தன் தலைமுடியால் துடைக்கிற ஒரு பெண். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்த கை அவளுக்கு. பாத்திரம் தேய்த்துக் காய்த்த கை மாதிரி. குறுகிய பக்கங்களில் கீழிருந்து மேலே ஒரு கொடி ஓடுகிறது. வளைவுக்கு வளைவு ஒரு பறவை அல்லது ஒரு மிருகம், பழத்தைக் கடித்தபடி. கொடியின் ஓரத்தில் ரூன் என்ற பழைய எழுத்தில் ஒரு கவிதை. அந்தக் கவிதையில் பேசுவது சிலுவைதான். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்கிறது. ஆங்கில மொழியின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று அது.

பேசுகிற கல். அதிகாரத்துக்கு அது எப்போதுமே ஆகாது.

1640இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபை அபர்டீன் நகரில் கூடியது. விக்கிரகச் சின்னங்களை இடிக்க வேண்டும் என்று ஆணை போட்டது. ரத்வெல் சிலுவை அப்போதும் நின்றது. பொறுக்குமா? 1642இல் ரத்வெல் என்று ஊர்ப் பெயரையே எழுதித் தனியாக இன்னொரு ஆணை. சிலுவை உடைந்தது.

இன்னொரு முறை படியுங்கள். படையெடுத்து வந்தவன் உடைக்கவில்லை. வேற்று மதத்தான் உடைக்கவில்லை. சிலுவையில் தொங்கியவரைத் தெய்வம் என்று கும்பிடுகிற சபைதான் சிலுவையை விக்கிரகம் என்று கண்டுபிடித்தது. கூட்டம் கூட்டி, ஆணை எழுதி, விலாசம் குறித்து, ஆளனுப்பி முடித்தது. இவ்வளவு ஒழுங்கு கொள்ளைக்காரனிடம்கூடக் கிடையாது.

கொள்ளைக்காரனைச் சொன்னேன் அல்லவா, அவனுக்கும் நியாயம் செய்துவிடுவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அயோனா தீவு, அதில் ஒரு மடம். 795இலிருந்து வைக்கிங் கொள்ளையர் அந்தத் தீவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 806இல் 68 பேரை வெட்டிப் போட்டார்கள். அந்த மடத்து வாசலில் நிற்கிற புனித மார்ட்டின் சிலுவை 8ஆம் நூற்றாண்டுக் கல். இன்றும் அங்கேயே நிற்கிறது. கோடரி ஏந்தி வந்தவன் கல்லை விட்டுவிட்டுப் போனான். வேதம் ஏந்தி வந்தவர் விடவில்லை.

ரத்வெல் துண்டுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோயிலுக்குள்ளேயே கிடந்தன. பிறகு இடத்தை அடைக்கிறது என்று கல்லறைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் ஹென்றி டங்கன் என்ற போதகர் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். 1810இல் இதே ரத்வெல்லில் ஏழைகளுக்கான சேமிப்பு வங்கியைத் தொடங்கிய மனிதர் இவர். உலகச் சேமிப்பு வங்கிகளுக்கு முன்னோடி அது. சில்லறையைச் சேர்த்த கை சில்லுகளையும் சேர்த்தது. நல்ல மனிதர். சந்தேகமில்லை.

ஆனால் நல்ல மனிதர்களிடமிருந்தும் கல்லைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. சிலுவையின் குறுக்குக் கை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, 1823இல் புதிதாக ஒன்று செய்து மாட்டினார். அதில் என்ன இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தெரியாததால் தோன்றியதைச் செதுக்கினார்கள். உச்சித் துண்டை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். இருநூறு ஆண்டு ஓடிவிட்டது. இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது. பிழைக்கும் வயதாகிவிட்டால் அதுவும் பாரம்பரியம்.

1887இல் சிலுவையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கென்றே சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். அப்படியும் உயரம் இடித்தது. தரையைத் தோண்டிப் பள்ளம் பறித்து, அடிப்பாகத்தை அதற்குள் இறக்கினார்கள். இப்போது யார் போனாலும் பாதியைக் குனிந்தும் மீதியை அண்ணாந்தும் பார்க்க வேண்டும். கட்டியது எந்தச் சபை? உடைக்கச் சொன்ன அதே திருச்சபை. 1642இல் விக்கிரகம், 1887இல் பொக்கிஷம். கல் மாறவில்லை. வேதமும் மாறவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் பக்கம் மட்டும் மாறியது.

மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். மன்னிப்பு என்பது கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்பது.

உடைப்பது ஒரு கலை என்றால், வாசிக்காமலே விளக்கம் சொல்வது அதன் தம்பி. ரத்வெல் ரூன் எழுத்துகளை 1832இல் ஐஸ்லாந்து அறிஞர் தோர்லீஃப் ரெப் வாசித்தார். கோயிலுக்குப் பசுவும் நிலமும் தானம் கொடுத்த சாசனம் என்றார். அடுத்து ஃபின் மாக்னுசென் என்ற பேராசிரியர் வந்தார். கல்யாணச் சேதி என்றார். அதே ஆசாமி ஸ்வீடனில் ஒரு பாறையில் இயற்கையாக விழுந்த விரிசல்களை ரூன் எழுத்தென்று எண்ணி, அதிலிருந்து ஒரு முழுக் கவிதையே வாசித்துக் காட்டியவர். 1840இல் ஜான் கெம்பிள் என்ற அறிஞர் வந்து, இது பழைய ஆங்கிலம், இது கவிதை, பேசுவது சிலுவை என்று சொன்னபிறகுதான் மாடும் மாப்பிள்ளையும் ஓடி மறைந்தார்கள்.

வெள்ளைக்காரர் கூத்து என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. பரங்கிமலைக்கு வாருங்கள். 1547இல் மலை உச்சியில் போர்த்துக்கீசியர் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதுவும் முன்னிடைக்காலத்துக் கல். சிலுவையைச் சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரி, பாரசீக நாட்டின் பஹ்லவி. கோவாவிலிருந்து வந்தவர்களுக்கும் புரியவில்லை, மயிலாப்பூரில் இருந்தவர்களுக்கும் புரியவில்லை. ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்து வந்தார்கள். அவர் சளைக்கவில்லை. புனித தோமாவின் வரலாறு, அவர் இறந்த தேதி, இன்னபிற எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து பொழிந்தன. கேட்டவர்களுக்கு என்ன வேண்டுமோ கல் அதையே சொன்னது. பண்டிதர் கெட்டிக்காரர். வாடிக்கையாளரை வாசித்துவிட்டுக் கல்லை வாசித்தார்.

1873இல் பர்னெல் என்ற அறிஞர் அதைப் பஹ்லவி என்று கண்டு வாசித்துக் கட்டுரை எழுதினார். பின்னால் வந்த அறிஞர்கள் சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்தார்கள். எப்படிப் பார்த்தாலும் அது கிறிஸ்துவின் இரக்கத்தைக் கேட்கிற ஒரு சின்ன வேண்டுதல்தான் என்று ஆனது. எங்கிருந்தோ கடல் தாண்டி வந்த ஒரு மனிதன், தெரியாத ஊரில், தன் மொழியில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தான். அதைக் கேட்க முந்நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் அவன் சொல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்லை உடைக்கவும் மனமில்லை, வாசிக்கவும் தெரியவில்லை என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. பயன்படுத்திக்கொள்வது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் வில்ன் என்ற ஊர்க் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியைப் பாருங்கள். பழைய சிலுவைத் தண்டு ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, உள்ளே குடைந்து, தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். செதுக்கிய உருவங்கள் தலைகீழாகத் தொங்க, குழந்தைகள் நேராக ஞானஸ்நானம் பெற்றன. கும்பிரியாவில் கோஸ்ஃபோர்த் என்ற ஊரில் உயரமான 10ஆம் நூற்றாண்டுச் சிலுவை இன்னும் நிற்கிறது. அதற்கு ஒரு துணை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை அறுத்துச் சூரியக் கடிகாரம் ஆக்கிவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சொல்வோம். இவர்கள் கல்லைக் கெடுத்துச் சூரிய நமஸ்காரம் செய்தார்கள். மணி சரியாகக் காட்டியிருக்கும். காலத்தைத்தான் தொலைத்துவிட்டார்கள்.

சரி, சட்டம் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? வந்தது. 1882இல் பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம். ஒரு சின்ன நிபந்தனை மட்டும். நிலத்துக்காரர் தானாக முன்வந்து ஒப்படைத்தால்தான் அரசு காக்கும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. திருடனைப் பிடிப்போம், அவர் சம்மதித்தால் என்பது போல. சின்னங்கள் தேசத்தின் சொத்து. ஆனால் சொத்து சொந்தக்காரர் சொத்து. நிலப்பிரபுக்கள் நிறைந்த சபையில் இதைவிட நல்ல சட்டத்தை எதிர்பார்ப்பது நம் தப்பு.

இப்போது பாதுகாப்பின் பொற்காலம். பயபக்தியோடு பார்ப்போம்.

மணற்கல்லுக்குள் நுண்ணிய துளைகள் உண்டு. தண்ணீர் உள்ளே இறங்கும். உறைந்தால் விரியும். விரிந்தால் கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். ஆயிரம் ஆண்டாக இது நடக்கிறது. தடுக்க வேண்டியதுதான். ஸ்காட்லாந்தில் அபர்லெம்னோ என்ற ஊரில் சாலையோரம் நிற்கிற, பிக்ட் என்ற பழைய இனத்தாரின் கற்களுக்குக் குளிர்காலம் முழுக்க மரப்பெட்டி போட்டு மூடுகிறார்கள். கல்லுக்கு நல்லது. ஆனால் குளிர்காலத்தில் அங்கே போய் இறங்குகிறவர் பார்ப்பது வரிசையாக நிற்கிற பெட்டிகளை. பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஃபாரஸ் நகரில் 20 அடிக்கு மேல் உயரமான சூனோ கல். ஒரு பக்கம் பெரிய சிலுவை, மறுபக்கம் போர், தலையில்லா முண்டங்கள். 1990களில் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். போர்க்களம் இப்போது நகைக்கடை ஷோகேஸ். அயர்லாந்தில் க்ளான்மக்னாய்ஸ் மடத்தின் சிலுவைகளை அதே 1990களில் உள்ளே எடுத்துவிட்டு, நின்ற இடத்தில் நகல்களை நட்டார்கள். அசல் அறைக்குள், நகல் மழையில்.

அயோனாவுக்கே திரும்பிப் போவோம். அங்கே புனித யோவான் சிலுவை என்று இன்னொன்று. கை விரிப்பு ஏழு அடிக்கு மேல். செய்தவர்கள் கல்லின் பலத்தை மீறி ஆசைப்பட்டுவிட்டார்கள். விழுந்தது. ஒட்டினார்கள். 1951இல் புயலில் விழுந்தது. மறுபடி நிறுத்தினார்கள். 1957இல் மறுபடி விழுந்தது. கடைசியில் 1970இல் கான்கிரீட்டில் ஒரு நகல் வார்த்து நட்டார்கள். அசல் துண்டுகள் மியூசியத்துக்குப் போயின. வேடிக்கை அதற்குப் பிறகுதான். வந்தவர்கள் எல்லாம் நகலைப் பார்த்துக் கையெடுத்தார்கள், படம் பிடித்தார்கள், கண் கலங்கினார்கள். 2020இல் அந்தக் கான்கிரீட் நகலுக்கே வாழ்க்கை வரலாறு எழுதிப் புத்தகமாகப் போட்டார்கள். கிண்டலில்லை. ஆராய்ச்சியாளர்கள் இருவர் எழுதிய கனமான, நல்ல நூல். அசலைச் செதுக்கியவர்களுக்கு ஒரு வரி வரலாறு இல்லை. சிமென்ட்டுக்கு ஒரு புத்தகம். எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அசலைக் காப்பாற்றியிருந்தால் அவர்களுக்கு இந்த வேலையே வந்திருக்காது.

இதெல்லாம் முன்னுரை. உடைப்பு, பயன்பாடு, பாதுகாப்பு மூன்றையும் ஒரே உடம்பில் வாங்கிக்கொண்ட கல் ஒன்று இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஈஸ்டர் ராஸ். அங்கே ஹில்டன் ஆஃப் கேட்போல் என்ற மீனவர் ஊர். கி.பி. 800 வாக்கில் பிக்ட் சிற்பிகள் கடலோரம் ஒரு பெரும் பலகைக் கல்லை நிறுத்தினார்கள். ஒரு முகத்தில் சிலுவை. மறுமுகத்தில் வேட்டைக் காட்சி: குதிரைகள், நாய்கள், ஒரு மான். நடுநாயகமாக, குதிரைமேல் ஒருக்களித்து அமர்ந்த ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய கண்ணாடியும் சீப்பும். ஆண்கள் வேட்டையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக நம்மைப் பார்க்கிறாள். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன், ஒரு பெண்ணை நடுவில் வைத்து ஒரு கல்.

1676இல் அலெக்சாண்டர் டஃப் என்பவருக்குக் கல்லறைக் கல் வேண்டியிருந்தது. கல்லுக்கா பஞ்சம்? சிலுவை இருந்த முகத்தை உளி வைத்துச் சுத்தமாகச் செதுக்கித் தள்ளினார்கள். மேலே எழுதினார்கள். நன்றாக வாழ்ந்தவன் நன்றாகச் சாவான் என்று சாலமோன் ராஜா பேரில் ஒரு பொன்மொழி. இங்கே அலெக்சாண்டர் டஃபும் அவருடைய மூன்று மனைவியரும் என்று அடுத்த வரி. மனைவியருக்குப் பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டும். மறுமுகத்தில் ஒருத்தி குதிரைமேல் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இந்த முகத்தில் மூவர் கணக்கில் வருகிறார்கள். இதைத்தான் வளர்ச்சி என்று சொல்லித் தருகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஜமீன் குடும்பம் கல்லைத் தூக்கி இன்வர்கார்டன் கோட்டைத் தோட்டத்தில் அழகுக்கு வைத்தது. 1921இல் அதே குடும்பம் அதை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாக்கியது. அடுத்தவன் வீட்டு ஆட்டை அடுத்தவனுக்கே தானம் கொடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு. கல் லண்டனுக்குப் போனது. ஸ்காட்லாந்து கொதித்தது. எங்கள் கல், எங்கள் மண், எங்கள் மானம்! அதே ஆண்டில் கல் திரும்பியது. எங்கே? ஹில்டனுக்கா? எடின்பரோ மியூசியத்துக்கு. மானம் தலைநகரம் வரைதான் வந்தது. மீனவர் ஊர் வரை பஸ் இல்லை.

2001இல் தொல்லியலாளர்கள் ஹில்டனில் தோண்டினார்கள். கல்லின் உடைந்த அடிப்பாகம் நட்ட இடத்திலேயே புதைந்திருந்தது. அதைச் சுற்றி, 17ஆம் நூற்றாண்டில் செதுக்கித் தள்ளிய சிலுவை முகத்தின் சில்லுகள் ஆயிரக்கணக்கில். உடனே கேள்வி எழுந்தது: யாருக்குச் சொந்தம்? முந்நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தபோது கேட்க நாதியில்லை. வெளியே வந்த மறுநாளே உரிமையாளர்கள் முளைத்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைப் பற்றிப் பேசிய பேச்சை ஆய்வாளர் சியான் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். கல் இங்கே பிறந்தது, இங்கத்தியது என்றார்கள். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். நிபுணர்கள் ஈரப்பதம் பற்றியும் பாதுகாப்பு வசதி பற்றியும் பேசினார்கள். இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. எந்த உண்மைக்குக் கார் இருந்ததோ, அது ஜெயித்தது.

ஊர் விடாப்பிடியாக நின்றதால் அடிப்பாகம் மட்டும் பக்கத்து ஊரான பாலின்டோரின் சமூகக் கூடத்தில் தங்கியது. உடம்பு எடின்பரோவில். சில்லுகளும் எடின்பரோவில். கல் நின்ற இடத்தில், கடலைப் பார்த்தபடி, புதிதாகச் செதுக்கிய நகல் ஒன்று. அந்த நகலில் சிலுவை முகமும் உண்டு. நகலைச் செய்த சிற்பி நேர்த்தியாகவே செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியவர்கள் நகல் திறப்பு விழாக்களுக்கு வருவதில்லை. அவர்கள் நாற்காலியில் அடுத்த தலைமுறை உட்கார்ந்திருக்கும்.

கல்லைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உளியை முதலில் யார் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மழையின் கையில் உளி இல்லை. சபையின் கையில் இருந்தது, பிரபுவின் கையில் இருந்தது, இன்று கோப்பின் கையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் புனிதமான காரணம் ஒன்றைச் சொல்லியே அடித்தார்கள்: கடவுளுக்காக, குடும்ப கௌரவத்துக்காக, தேசத்துக்காக. கல்லுக்காக என்று சொன்னவர்கள் வருவதற்குள் மிஞ்சியது சில்லு.

எடின்பரோ மியூசியத்துக்குப் போகிறவர்கள் கல்லைச் சுற்றி மறுபக்கமும் போய்ப் பாருங்கள். சிற்பியின் பெயர் எங்கும் இல்லை. சிலுவை இல்லை. அதன் சில்லுகளை எண்ணி, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று மனைவியருக்கும் பெயர் இல்லை. அலெக்சாண்டர் டஃபின் பெயரை மட்டும் இன்றும் வாசிக்கலாம்.